தாத்தாவின் இரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது?



தாப்பாவில் நான் பாடம் நடத்தும் இடைநிலைப் பள்ளியில், படிவம் 4 மாணவன் ஒருவன் ஒரு நாள் பாடம் முடிந்த பிறகும் போகாமல் நின்றான். எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினான்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். எங்க தாத்தாவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போறாரு. வீட்ல பிரஷர் பார்த்தா 170, 180ன்னு காட்டுது. அதுக்கு மூணு வகை மாத்திரை. ஆனா மெஷின்ல படுத்தா, மூணாவது மணி நேரத்துல 90க்கு விழுந்துடுது. போன வாரம் முடிஞ்சு எழுந்து நின்னாரு, அப்படியே மயங்கிட்டாரு. இப்ப, 'அந்த மெஷின்தான் என்னைக் கொல்லுது, இனிமே போகமாட்டேன்'னு அடம் பிடிக்கிறாரு. பிரஷர் கூடவா, குறைவா? எதுதான் உண்மை?"

அந்தத் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவர். எதற்கும் பயப்படாதவர், இந்த மயக்கத்துக்குப் பயந்துவிட்டார். சிறுநீரகம் முழுமையாகச் செயலிழந்தவர் சுத்திகரிப்பை அடியோடு நிறுத்தினால், பெரும்பாலும் சில நாள்களிலோ சில வாரங்களிலோ உயிர் போய்விடும். எனவே பேரனின் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல.

"ரெண்டுமே உண்மைதான்," என்றேன். அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு படித்துத் தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். மலேசியாவில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் சுத்திகரிப்புச் சிகிச்சையில்தான் உயிர் வாழ்கிறார்கள்.

குழாயும் தண்ணீரும்

பாடப்புத்தகத்தில் 'தெக்கானான் டாரா' என்று படித்திருப்பீர்கள். இரத்தம் தமனியின் சுவரைத் தள்ளும் விசையே இரத்த அழுத்தம். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தம் கூட மூன்று வழிகள் உண்டு. பம்ப் வேகமாக அடிக்க வேண்டும். அல்லது குழாயின் வாயை விரலால் நெருக்க வேண்டும். அல்லது உள்ளே ஓடும் தண்ணீரின் அளவு கூட வேண்டும். உடலில் பம்ப் என்பது இருதயம். விரலால் நெருக்குவது போன்றது சிறிய தமனிகள் சுருங்குவது. தண்ணீரின் அளவு என்பது உடலில் உள்ள உப்பும் நீரும். இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கட்டுரை முழுக்க இவைதான் வரும்.

முதன்முதலில் இதை அளந்து காட்டியவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் குழாயில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இதை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். நம் உடலில் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று சொல்கிறோமே, அதையும் நீங்களே கணக்கிடலாம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. 120ஐ 13.6ஆல் பெருக்கினால் 1,632 மில்லிமீட்டர். அதாவது பாதரசத்துக்குப் பதில் தண்ணீரை வைத்து அளந்தால், அது ஒன்றரை மீட்டருக்கும் மேலே ஏறும். உங்களில் பலருடைய உயரம் அது!

நம்மைக் கேட்காமல் வேலை செய்யும் நரம்புகள்

கட்டிலில் படுத்திருந்த நீங்கள் திடீரென்று எழுந்து நிற்கிறீர்கள். அந்த நொடியே புவியீர்ப்பு உங்கள் இரத்தத்தைக் கீழே இழுக்கிறது. அரை லிட்டர் அல்லது அதற்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அப்படியே விட்டால் மூளைக்கு இரத்தம் போதாமல் மயங்கி விழ வேண்டியதுதான். ஆனால் நாம் விழுவதில்லை. ஏன்?

கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் உள்ளன. அவை இரண்டாகப் பிரியும் இடத்திலும், இருதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை இவை நொடிக்கு நொடி கவனிக்கின்றன. விரிவு குறைந்தால் இந்த உணரிகள் அனுப்பும் துடிப்புகளும் குறைகின்றன. மூளையின் அடியில் உள்ள முகுளம் உடனே புரிந்துகொள்கிறது: "அழுத்தம் இறங்குகிறது."

முகுளத்தின் கையில் இரண்டு கடிவாளங்கள் உள்ளன. ஒன்று பரிவு நரம்புகள். இவை நோராட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து இருதயத்தை வேகப்படுத்தும், தமனிகளை நெருக்கும், சிரைகளில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். மற்றொன்று துணைப்பரிவு நரம்புகள். அவற்றில் முக்கியமானது வேகஸ் நரம்பு; இது இருதயத்தை நிதானப்படுத்தும். நாம் எழுந்து நிற்கும்போது பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன, வேகஸின் பிடி விடப்படுகிறது. சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும். நமக்குத் தெரிவதுகூட இல்லை.

நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்குவதால் இதற்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் லாங்லி 1898இல் இந்தப் பெயரைக் கொடுத்தார். கழுத்துத் தமனியின் உணரிகளை ஆராய்ந்த பெல்ஜியம் நாட்டு அறிஞர் கொர்னேல் ஹெமான்ஸ், பெருந்தமனியும் கழுத்துத் தமனியும் சுவாசத்தைக் கட்டுப்படுத்துவதைக் கண்டறிந்ததற்காக 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

செய்து பாருங்கள்

ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டு 30 வினாடிகளுக்கு எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். பிறகு எழுந்து நின்று, உடனே 15 வினாடிகளுக்கு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். பெரும்பாலானோருக்கு நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்புகள் கூடியிருக்கும். ஒரு நிமிடம் நின்றபின் மீண்டும் எண்ணுங்கள், சற்றே இறங்கியிருக்கும். உங்கள் முகுளம் வேலை செய்வதை விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டீர்கள்! இந்தச் சோதனையை உங்களிடம் மட்டும் செய்யுங்கள். நோயாளியான தாத்தா பாட்டியை எழுப்பி நிறுத்திச் செய்ய வேண்டாம்.

சிறுநீரகம் வடிகட்டி மட்டும்தானா?

"சிறுநீரகத்தின் வேலை என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "கழிவை வடிகட்டுவது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வீர்கள். சரிதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவு மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியைத் திரும்ப உடலுக்கே கொடுத்துவிடுகின்றன.

ஆனால் சிறுநீரகத்துக்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. இரண்டுமே இரத்த அழுத்தத்தோடு தொடர்புடையவை.

முதலாவது, சுரப்பு வேலை. தனக்கு வரும் இரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. சுவீடனில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மானும் முயல்களின் சிறுநீரகத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் 1898இல்தான்! ரெனின் ஒரு சங்கிலித் தொடரைத் தொடக்கிவைக்கிறது. கடைசியில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உண்டாகித் தமனிகளை நெருக்குகிறது. அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் சுரந்து, உப்பையும் நீரையும் உடலில் தங்கவைக்கிறது.

இரண்டாவது, செய்தி அனுப்பும் வேலை. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் இருவழிப் பாதையாக ஓடுகின்றன. மூளையின் கட்டளை சிறுநீரகத்துக்கு வருகிறது. சிறுநீரகத்தின் நிலைமை மூளைக்குப் போகிறது. இந்த இரண்டாவது பாதையை வெகுகாலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இப்போது சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் நீரும் வெளியேற வழியில்லை. குழாயில் தண்ணீரின் அளவு கூடுகிறது. பழுதான பாகங்களுக்கு இரத்தம் சரியாகப் போகாததால், தேவையில்லாமல் ரெனின் சுரக்கிறது, குழாய் நெருக்கப்படுகிறது. இவை இரண்டுமே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சுத்திகரிப்பின் மூலம் நீரை எடுத்த பிறகும் பலருக்கு அழுத்தம் ஏன் இறங்குவதில்லை?

நரம்பின் பேச்சை ஒட்டுக் கேட்டவர்கள்

இந்தச் சந்தேகத்துக்கு 1992இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ரொனால்ட் விக்டரின் ஆய்வுக்குழு ஓர் எளிய, ஆனால் துணிச்சலான வேலையைச் செய்தது. முடியைவிட மெல்லிய முனையுள்ள ஊசி மின்வாயை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே காலின் வெளிப்பக்கத்தில் ஓடும் நரம்புக்குள் செருகினார்கள். பரிவு நரம்பு ஒவ்வொரு முறை கட்டளை அனுப்பும்போதும் மின்துடிப்பு பதிவாகும். இந்த முறையை 1960களில் சுவீடனின் உப்சாலா நகரில் உருவாக்கியிருந்தார்கள். ஒட்டுக் கேட்பதுபோல, நரம்பு பேசுவதை நேரடியாகக் கேட்பதுதான் இது.

உடல்நலம் உள்ளவர்களுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 23 துடிப்புத் தொகுதிகள் பதிவாயின. சுத்திகரிப்புச் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கோ 58! ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நோயாளி அமைதியாகப் படுத்திருக்கிறார். ஆனால் அவருடைய பரிவு நரம்புகளோ, புலி துரத்துவதுபோல ஓயாமல் கத்திக்கொண்டிருக்கின்றன.

இரத்தத்தில் தேங்கும் கழிவுகள்தாம் காரணமாக இருக்குமோ? இங்கேதான் அந்த ஆய்வின் அழகு இருக்கிறது. அவர்கள் மூன்றாவதாக ஒரு சிறு குழுவையும் சோதித்தார்கள். இவர்களும் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுபவர்கள்தாம். ஆனால் வேறு காரணங்களால் இவர்களுடைய பழுதான சிறுநீரகங்கள் இரண்டும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டிருந்தன. இவர்களுக்கு எத்தனை துடிப்புகள் தெரியுமா? 21. உடல்நலம் உள்ளவர்களைப் போலவேதான்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். இரு குழுவுக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இரு குழுவுக்கும் இயந்திரம்தான் கழிவை அகற்றுகிறது. ஒரே வேறுபாடு, பழுதான சிறுநீரகம் உடலுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஆக, வேலை செய்யாத சிறுநீரகம் சும்மா கிடக்கவில்லை. "எனக்கு இரத்தம் போதவில்லை, அழுத்தத்தை ஏற்று" என்று நரம்பின் வழியே மூளைக்கு ஓயாமல் முறையிட்டுக்கொண்டே இருக்கிறது. மூளையும் அதை நம்பிப் பரிவு நரம்புகளை விரட்டுகிறது. மாறியை ஒன்றாகக் குறைத்துச் சோதனை செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தாத்தாவின் வீட்டு அழுத்தம் 180 ஆனதற்குக் காரணம் இப்போது புரிகிறதா? தண்ணீர் கூடுதல், ரெனின் கூடுதல், நரம்பின் விரட்டலும் கூடுதல். நமக்கெல்லாம் இரவில் தூங்கும்போது அழுத்தம் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கி, இருதயம் இளைப்பாறும். சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு அந்த இரவு ஓய்வும் கிடைப்பதில்லை.

நான்கு மணி நேரம், மூன்று லிட்டர்

இனி, அழுத்தம் விழுவது எப்படி என்று பார்ப்போம்.

நெதர்லாந்தில், இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943இல் வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைச் செய்தார். மர உருளையில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். அந்தக் குழாய், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படுவது! முதலில் பல நோயாளிகள் இறந்துபோனார்கள். 1945இல்தான் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். இன்றைய இயந்திரங்கள் வேறு வடிவம். ஆனால் அடிப்படை ஒன்றுதான். இரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஓடுகிறது. மறுபுறம் சுத்திகரிப்புத் திரவம் ஓடுகிறது. கழிவு சவ்வைக் கடந்து போகிறது. கூடுதல் நீரும் உறிஞ்சி எடுக்கப்படுகிறது.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிறுநீர் போகாத ஒருவர், இரண்டு நாள் இடைவெளியில் குடித்ததும் உண்டதுமாக 2 அல்லது 3 லிட்டர் நீரைச் சேர்த்திருப்பார். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் பாலை நிறுத்துக் கூலி வாங்கிய தாத்தாவை, இப்போது அவரையே நிறுத்துப் பார்க்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. பெரியவர் ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர்தான். அதிலிருந்து 3 லிட்டரை எடுத்தால் ஆள் என்ன ஆவார்? நல்ல வேளையாக, கூடுதல் நீர் எல்லாம் இரத்தத்தில் மட்டும் இல்லை. கால் வீக்கமாகவும், திசுக்களின் இடுக்கிலும் தங்கியிருக்கிறது. இயந்திரம் இரத்தத்திலிருந்து எடுக்க எடுக்க, திசுக்களில் உள்ள நீர் ஊறி வந்து இரத்தக்குழாயை நிரப்புகிறது. கிணற்றில் இறைக்க இறைக்க ஊற்று சுரப்பதைப் போல. ஆனால் ஊற்றைவிட வேகமாக இறைத்தால்? கிணறு வற்றத்தான் செய்யும். இரண்டு நாளில் எவ்வளவு அதிகமாக நீர் சேர்கிறதோ, அந்த நான்கு மணி நேரத்தில் அவ்வளவு வேகமாக இறைக்க வேண்டியிருக்கும்.

காவல் ஏன் கைவிடுகிறது?

உடல்நலம் உள்ள உடலாக இருந்தால், நீர் குறையும்போது தன்னியக்க நரம்புகள் உடனே சமாளிக்கும். தாத்தாவின் உடலில் அந்தக் காவல் நான்கு வகையில் தளர்ந்திருக்கிறது.

முதலாவது, உணரிகள். நீண்ட நாள் சிறுநீரக நோயில் தமனிச் சுவர்களில் சுண்ணச்சத்து படிந்து அவை விறைத்துப்போகின்றன. விரியாத சுவரில் விரிவை அளக்கும் உணரி என்ன செய்யும்? அழுத்தம் இறங்கும் செய்தி முகுளத்துக்குத் தாமதமாகவும் மங்கலாகவும் போகிறது.

இரண்டாவது, நரம்புகள். நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணம் நீரிழிவு. நீரிழிவு பாதங்களில் உணர்ச்சியைக் குறைப்பது உங்களுக்குத் தெரியும். அதே பாதிப்பு, கண்ணுக்குத் தெரியாமல், இருதயத்துக்கும் தமனிக்கும் போகும் தன்னியக்க நரம்புகளையும் தாக்குகிறது.

மூன்றாவது, கையிருப்பு. கேமரன் மலைச் சாலையில் ஏறும் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சமதரையிலேயே கைப்பிடியை முழுதாக முறுக்கி வைத்திருந்தால், ஏற்றம் வரும்போது இன்னும் முறுக்க என்ன இருக்கிறது? பரிவு நரம்புகள் ஏற்கெனவே இரண்டரை மடங்கு வேகத்தில் இருக்கின்றன. அவசரத்துக்குக் கூட்ட இடமே இல்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் வியப்பானது. அதே டல்லாஸ் குழு, சிகிச்சை நடக்கும்போதும் நரம்பை ஒட்டுக் கேட்டது. அழுத்தம் அடிக்கடி விழும் நோயாளிகளில் சிலருக்கு, நீர் குறையும்போது முதலில் பரிவு நரம்புகள் நன்றாகவே போராடின. பிறகு, எந்த நேரத்தில் மிகவும் தேவையோ அந்த நேரத்தில், கட்டளை திடீரென்று குறைந்துபோனது. நெருக்கிப் பிடித்திருந்த தமனிகள் தளர்ந்தன, அழுத்தம் சரிந்தது. இரத்தம் போதாமல் இருதயம் வெறுமையாகத் துடிக்கும்போது, அதன் சுவரில் உள்ள உணரிகள் தவறான செய்தியை அனுப்பிவிடுகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். சனிக்கிழமை அணிவகுப்பில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவர் சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதைப் போன்ற ஓர் அனிச்சைச் செயல்தான் நடக்கிறது.

ஆக, மாணவனின் கேள்விக்கு விடை இதுதான். அழுத்தத்தை ஏற்றுவதும் அதே நரம்பு மண்டலம். அழுத்தம் விழும்போது தாங்கிப் பிடிக்க முடியாமல் போவதும் அதே நரம்பு மண்டலம்தான். இயந்திரம் எதிரி அல்ல. கடிவாளம் பழுதானதால் வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் தடுமாறுகிறது.

தாதியர் செய்வதும் வீட்டார் செய்வதும்

சுத்திகரிப்பு மையத்தில் அழுத்தம் விழுந்தால் தாதியர் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்துவார்கள். காலில் தேங்கிய இரத்தம் இருதயத்துக்குத் திரும்பும். நீர் எடுப்பதை நிறுத்துவார்கள் அல்லது குறைப்பார்கள். தேவைப்பட்டால் உப்புநீரை ஏற்றுவார்கள். சிலருக்குச் சுத்திகரிப்புத் திரவத்தின் வெப்பநிலையை ஒரு பாகை அளவு குறைப்பதும் உண்டு. குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதை நினைத்துப் பாருங்கள். காரணம் உங்களுக்கே விளங்கும்.

அந்தத் தாத்தாவுக்கு, சிகிச்சை நடக்கும்போது சாப்பிடப் பாட்டி சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்தனுப்புவாராம். அன்பால் செய்வதுதான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டால் செரிமானத்துக்காக இரத்தம் குடலுக்குத் திரும்புகிறது. அழுத்தம் அடிக்கடி விழுபவர்களுக்கு அது இன்னொரு சுமை. அவரவர் எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அழுத்த மாத்திரையைச் சிகிச்சை நாளில் எந்த நேரத்தில் எடுப்பது என்பதையும் மருத்துவரிடமே கேட்க வேண்டும். நாமாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, உப்பைக் குறைப்பது. உப்பு தாகத்தைத் தூண்டும். தாகம் எடுத்தவரிடம் "தண்ணீர் குடிக்காதே" என்றால் அவர் என்ன செய்வார்? உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், சேரும் நீர் குறையும், இயந்திரம் நிதானமாக இறைக்கும். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், மீ பொட்டலத்தில் வரும் மசாலைத்தூள் எல்லாம் உப்புச் சுரங்கங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிதான்.

இன்னும் மூன்று செய்திகள். சிகிச்சை முடிந்ததும் நோயாளி உடனே எழக்கூடாது. முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, சில நிமிடம் கழித்து ஒருவர் பக்கத்தில் இருக்க எழ வேண்டும். இரத்தம் எடுப்பதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்திருக்கும் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. மூன்றாவது, அழுத்தம் விழுமுன் உடல் சில அடையாளங்களைக் காட்டும்: கொட்டாவி, வியர்வை, குமட்டல், கண் மங்குதல், கால் தசைப்பிடிப்பு. அப்போதே தாதியிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி வருவது

பழுதான சிறுநீரகத்தின் முறையீட்டை நிறுத்த முடியுமா? மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது பொதுவாகப் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அதனால் புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும், பழையவை உள்ளே இருந்துகொண்டு நரம்புகளை விரட்டுகின்றன என்று ஜெர்மனியில் செய்த ஆய்வொன்று காட்டியது. சிறுநீரகத் தமனிக்குள் மெல்லிய குழாயை அனுப்பி, அதைச் சுற்றியுள்ள நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும் வந்துள்ளது. 2014இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில் அது போலிச் சிகிச்சையைவிடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை, பலரும் கைவிட்டார்கள். கருவிகளைத் திருத்தி மீண்டும் சோதித்த பிறகு, 2023 நவம்பரில் அமெரிக்காவில் உயர் இரத்த அழுத்தத்துக்காக இரண்டு கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. அறிவியல் இப்படித்தான், விழுந்து எழுந்து நடக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி, சிறுநீரகம் கெடாமல் பார்த்துக்கொள்வது. சென்னையின் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி இதைச் செய்து காட்டினார். அவர் வழிநடத்திய சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று எளிய முறையில் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகள் கிடைத்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை.

நமக்கும் அது பொருந்தும். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம்; 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம். பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ள அரை நாள் போதும். இந்த வாரம் உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா எப்ப பிரஷரும் சீனியும் பார்த்தீங்க?"

அந்த மாணவனிடம் கதை எப்படி முடிந்தது என்று கேட்டேன். வீட்டு வாசலில் ரப்பர் குழாயை வைத்துத் தாத்தாவுக்கு விளக்கினானாம். தாத்தா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மயக்கம் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கொட்டாவியா வரும். தாதிங்களுக்கு வேலை அதிகம், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றாராம்.

அடுத்த முறை போனார். கொட்டாவி வந்ததும் கையைத் தூக்கினார். தாதி வந்து நாற்காலியைச் சாய்த்தார். அன்று அவர் மயங்கவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.